விமானக் கதவு மூடிய பிறகுதான் சம்பளமா?

'விமானி' என்றதும் நமது வீடுகளிலே ஒரு படம் மனக்கண்ணில் தோன்றிவிடுகின்றது. வெள்ளைச் சட்டை, தோளிலே பொன்னிறப் பட்டி, கை நிறையச் சம்பளம். வகுப்பிலே மாணவர்களிடம் என்னவாக வர விருப்பம் என்று கேட்டால், டொக்டருக்கும் எஞ்சினியருக்கும் அடுத்தபடியாக யாரேனும் ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. பெரிய விமானக் கம்பனிகளில் நீண்டகாலம் பணியாற்றிய கெப்டன்மாரைப் பொறுத்தவரை அந்தப் படம் பெரும்பாலும் சரியானதே. ஆனால் அந்த இடத்தை அடைய முன்னர் ஒரு விமானி கடந்து செல்லும் பாதை எத்தகையது என்பதைப் பலரும் அறியார். அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்துத்தான் அதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, நியூயோர்க் நகருக்கு அண்மையிலுள்ள நெவார்க் விமான நிலையத்திலிருந்து பஃபலோ நகரை நோக்கி ஒரு சிறிய விமானம் புறப்பட்டது. பஃபலோவை நெருங்கும் வேளையில், கிளாரன்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டின் மீது அது விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவருமாக 50 உயிர்கள் பறிபோயின. ருவாண்டா இனப்படுகொலையை உலகுக்கு ஆவணப்படுத்தித் தந்த மனித உரிமை ஆய்வாளர் அலிசன் டெஸ் ஃபோர்ஜஸ் அம்மையாரும் அவர்களுள் ஒருவர்.

பயணிகள் வாங்கிய டிக்கட்டில் இருந்த பெயர் கொன்டினென்டல். விமானத்தின் உடலில் பூசியிருந்த நிறமும் பெயரும் கொன்டினென்டல்தான். ஆனால் விமானத்தை ஓட்டியதும், விமானிகளுக்குச் சம்பளம் கொடுத்ததும் கொல்கன் எயார் என்ற வேறொரு சிறு கம்பனி. அமெரிக்காவிலே இது வழமையான ஏற்பாடு. பெரிய நகரங்களுக்கிடையே பெரிய கம்பனிகள் தாமே பறக்கின்றன. சிற்றூர்களிலிருந்து பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைப் பிராந்திய விமானக் கம்பனிகளுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிடுகின்றன. எந்தச் சிறு கம்பனி குறைந்த செலவில் ஓட்டித் தருகின்றதோ அதற்கே ஒப்பந்தம். வலீமாச் சாப்பாட்டைப் பேர்போன சமையற்காரரிடம் ஒப்படைக்க, அவர் அதை மலிவாகச் சமைப்பவரிடம் தள்ளிவிட்டுத் தமது பெயரோடு சஹனை அனுப்பிவைப்பதைப் போன்றது இது. உண்பவருக்குச் சமைத்த கை எதுவென்று தெரியாது. விமானத்துக்கும் எரிபொருளுக்கும் ஆகும் செலவைக் குறைப்பது இலேசல்ல. ஆகவே மனிதர்களின் சம்பளத்திலே கை வைக்கப்பட்டது.

அந்த விமானத்தின் துணை விமானி 24 வயதுப் பெண். அவருடைய பணித்தளம் நெவார்க். ஆனால் அவர் குடியிருந்ததோ நாட்டின் மறுகோடியில், சியாட்டில் நகருக்கு அருகே, பெற்றோரின் வீட்டில். முதல்நாள் இரவு சரக்கு விமானமொன்றில் இடம் கேட்டு ஏறி மெம்ஃபிஸ் நகருக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு சரக்கு விமானத்தில் விடியற்காலை நெவார்க் வந்து சேர்ந்தார். தடிமன் வேறு பிடித்திருந்தது. கெப்டன் குடியிருந்தது புளோரிடா மாநிலத்தில். அவர் முதல்நாள் இரவைக் கழித்தது நெவார்க் விமான நிலையத்தில் ஊழியர்களுக்கான ஓய்வறையில். பலத்த காற்றினால் அன்றைய பகற் பயணங்கள் இரண்டு ரத்தாகின. இரவுப் பயணமும் சுமார் இரண்டு மணித்தியாலம் தாமதித்தே புறப்பட்டது. அதாவது, நல்ல படுக்கையில் உறங்காத இருவர் பகல் முழுதும் காத்திருந்துவிட்டு, இரவில், குளிர்காலப் பனியில் விமானத்தைச் செலுத்தினார்கள்.

ஏன் பணித்தளத்துக்கு அருகில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். விசாரணையின்போது வெளிவந்த சம்பளக் கணக்கு அதற்குப் பதில் சொன்னது. அந்தத் துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 16,000 டொலரளவில் என்று முதலில் கூறப்பட்டது. பின்னர் கம்பனி அது 24,000 டொலருக்குக் கிட்டியது என்றது. பெரிய தொகையையே எடுத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 2,000 டொலர்தான், அதுவும் வரிக்கு முன்னர். நியூயோர்க்கை ஒட்டிய பகுதியில் வீட்டு வாடகை கொடுத்து வாழப் போதுமானதல்ல அது. முன்னொரு காலத்தில் அவர் விமானி வேலையோடு கோப்பிக் கடையொன்றிலும் வேலை பார்த்ததாக விசாரணையில் தெரியவந்தது. அவர் மட்டுமல்ல; நெவார்க்கைத் தளமாகக் கொண்ட அக்கம்பனியின் 137 விமானிகளில் 93 பேர் தொலைவிலிருந்து வந்துபோகிறவர்களாகவே இருந்தனர். இத்தகையோர் பலர் கூட்டாக ஒரு சிறு வீட்டை எடுத்து, அடுக்குக் கட்டில்கள் போட்டு, முறைவைத்து உறங்குவது அந்நாட்டு விமானிகளிடையே சர்வ சாதாரணம்.

சம்பளம் குறைவு என்பது ஒருபுறமிருக்க, அது கணக்கிடப்படும் முறைதான் எனக்கு அதிக வியப்பைத் தந்தது. அமெரிக்கக் கம்பனிகளில் விமானியின் சம்பளம் பொதுவாக மணித்தியாலக் கணக்கு. ஆனால் அந்த மணித்தியாலம் அவர் வேலைக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. கதவு மூடி விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரைதான். முன்னதாக வந்து வானிலை அறிக்கையைப் படிப்பதற்கும், விமானத்தைச் சுற்றிப் பரிசோதிப்பதற்கும், இரண்டு பயணங்களுக்கிடையே மூன்று மணித்தியாலம் சீருடையோடு காத்துக் கிடப்பதற்கும் தனிக் கூலி கிடையாது. மாதத்துக்கு 75 மணித்தியாலம் போன்று ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மணித்தியாலத்துக்கு 20 டொலர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 18,000 வரும். விமானப் பணிப்பெண்களின் நிலையும் இதுவே. பயணிகளை ஏற்றி இருத்தும் நேரத்துக்கு, பாதி வீதத்திலாவது, டெல்ட்டா கம்பனி அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதே 2022இல்தான். 2025 ஓகஸ்டில் எயார் கனடாவின் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கும் முக்கிய காரணம், தரையில் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை என்பதே.

நமது ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்ற பாடம் இருக்கின்றது. கூலிக்கு வேலை செய்பவரை அங்கே இரு வகையாகப் பிரிக்கின்றார்கள். பலரிடமும் துணி வாங்கித் தைக்கும் தையற்காரி ஒரு வகை. அவளுக்குக் கூலி தைத்த உடுப்புக்கே. எப்போது தைக்கிறாள், எப்போது ஓய்கிறாள் என்பது அவள் பாடு. இவளை 'அஜீர் முஷ்தரக்' என்பர். வீட்டு வேலைக்கென்று காலையிலிருந்து மாலைவரை வந்திருப்பவள் மற்ற வகை. அவள் தனது நேரத்தையே நம்மிடம் ஒப்படைத்துவிட்டாள். அந்த நேரத்தில் வேறொரு வீட்டுக்குப் போக அவளுக்கு உரிமையில்லை. ஆகையால் கழுவுவதற்குக் கோப்பை இல்லாத ஒரு மணித்தியாலத்துக்கும் அவளுக்குக் கூலி உண்டு. இவளை 'அஜீர் காஸ்' என்பர். விமானி எந்த வகை? சீருடை அணிந்து, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், வேறெங்கும் போக முடியாமல் காத்திருக்கிறார். கடமைகளைப் பார்த்தால் இரண்டாம் வகை; கூலியைக் கொடுக்கும்போது மட்டும் முதல் வகையாக்கிவிடுகின்றார்கள்! இருவரும் சம்மதித்துக் கைச்சாத்திட்ட ஒப்பந்தம்தானே என்று ஒருவர் வாதிடலாம்; அந்த வாதத்தை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் பயிற்சிக்காகக் கடனில் மூழ்கியவர் தரும் சம்மதத்தில் எவ்வளவு சுதந்திரம் இருக்கும்? (நமது சில மத்ரஸாக்களில் உஸ்தாத்மாரின் விடுமுறைக் காலச் சம்பளமும் இந்தப் பாடத்துக்குள் வரக்கூடியதே. அது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.)

மத்யன் நகரத்துப் பெரியவரின் மகளை சகோதரிகள் அறிவீர்கள். மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்துமாறு தந்தைக்கு யோசனை சொன்னவர் அவர். வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே அதற்குச் சிறந்தவர் என்று தகுதியைச் சொன்னதும் ஒரு பெண்தான். தந்தையும் எத்தனை ஆண்டு வேலை, அதற்கு ஈடு என்ன என்பதை முதலிலேயே தெளிவாகச் சொன்னதோடு, உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்ற கருத்தையும் சேர்த்தே சொன்னதாகக் குர்ஆன் எடுத்துரைக்கின்றது. கொல்கன் கம்பனியில் இவ்விரண்டும் குறைவாகவே இருந்தன. அந்தக் கெப்டன் தமது விமானத் தேர்வுகள் பலவற்றில் முன்னர் தவறியிருந்தார். வேலைக்கு விண்ணப்பித்தபோது அவை எல்லாவற்றையும் அவர் சொல்லவில்லை. கம்பனியும் துருவிப் பார்க்கவில்லை.

விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2010இல் தனது முடிவை வெளியிட்டது. விமானத்தின் வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோனதை இருவரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கைக் கருவி அதிர்ந்தபோது, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கெப்டன் அதை மேலே இழுத்துவிட்டார் என்பதே அதன் சாரம். களைப்பு இருவரையும் பாதித்திருக்கலாம், எந்த அளவுக்கு என்று திட்டமாகச் சொல்ல முடியாது என்றது சபை. களைப்பையும் ஒரு காரணமாகவே சேர்க்க வேண்டும் என்று சபையின் தலைவி டெபரா ஹெர்ஸ்மன் தனித்து வாதிட்டார். என் மனம் அந்த அம்மையாரின் பக்கமே சாய்கின்றது. கோபத்தில் இருக்கும் நீதிபதி தீர்ப்பளிக்கக் கூடாது என்ற நபிமொழியிலிருந்து, பசியும் தூக்கமும் மேலிட்டவரும் தீர்ப்பளிக்கலாகாது என்று இமாம்கள் சட்டம் எடுத்தார்கள். தொழுகையிலேயே தூக்கம் கண்ணைச் சுழற்றினால் போய் உறங்கிவிட்டு வருமாறு வழிகாட்டிய மார்க்கம் நம்முடையது. 49 உயிர்களைச் சுமந்து பறப்பவரின் தூக்கத்தைச் சில்லறை விடயமாகக் கருதுவது எப்படி?

அதே மாதத்தில் இன்னொரு குரலும் ஒலித்தது. 2009 ஜனவரி 15ஆம் திகதி, இயந்திரங்கள் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கெப்டன் சல்லன்பர்கரை உலகமே பாராட்டிக்கொண்டிருந்தது. பெப்ரவரி 24ஆம் திகதி அவர் அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சபையின் குழுவொன்றின் முன்னிலையில் அமர்ந்து, தமது சம்பளம் 40 வீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் எடுத்துரைத்தார். தாம் அறிந்த விமானிகளில் ஒருவர்கூடத் தமது பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதை விரும்பவில்லை என்றும் சொன்னார். அவர் பெரிய கம்பனியொன்றின் மூத்த கெப்டன். அவருக்கே அந்த நிலை.

2010 ஓகஸ்ட் முதலாம் திகதி புதிய சட்டம் ஒன்று கைச்சாத்தானது. அதுவரை 250 மணித்தியாலம் பறந்தவர் துணை விமானியாகலாம் என்றிருந்தது, 2013இலிருந்து பொதுவாக 1,500 மணித்தியாலமாக உயர்ந்தது. இராணுவ விமானிகளுக்கும் விமானத்துறைப் பட்டதாரிகளுக்கும் சலுகை உண்டு. டிக்கட் வாங்கும் இணையத்தளத்தில், விமானத்தை உண்மையில் ஓட்டும் கம்பனி எது என்பதை முதலிலேயே காட்டவேண்டும் என்றாயிற்று. 2014 ஜனவரி முதல், பணிக்கு முன்னர் 10 மணித்தியால ஓய்வும், அதற்குள் தடையின்றி 8 மணித்தியாலம் உறங்குவதற்கான வாய்ப்பும் கட்டாயமாயின. நல்ல சட்டங்கள்தான். ஆயினும், அந்த இரவு விமானம் ஓட்டிய இருவருமே 1,500 மணித்தியாலத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு நாடு கடந்து வரும் பயணத்தையும் சட்டம் விமானியின் பொறுப்பிலேயே விட்டுவிட்டது.

சம்பளத்தை உயர்த்தியது சட்டமன்று, பற்றாக்குறையே. 1,500 மணித்தியாலத்தைச் சேர்க்கக் காலமும் பணமும் செலவாகும். பயிற்சிக்கு மாத்திரம் ஒரு இலட்சம் டொலரளவில் போகும். அந்தக் கடனோடு 20,000 டொலர் சம்பளத்துக்கு யார் வருவார்? ஆள் கிடைக்கவில்லை. 2016இல் ரிபப்ளிக் எயார்வேஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியபோது, விமானிகள் போதாமையையும் ஒரு காரணமாகச் சொன்னது. கொவிட் காலத்தில் பெரிய கம்பனிகள் தமது மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வுபெறச் செய்துவிட்டு, பின்னர் சிறு கம்பனிகளின் விமானிகளை இழுத்துக்கொண்டன. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் கம்பனி 29 சிற்றூர்களுக்கான சேவையைக் கைவிடப்போவதாக அறிவித்தது. அதன் பிறகுதான் பணப்பை திறந்தது. அமெரிக்கன் எயார்லைன்ஸுக்குச் சொந்தமான பிராந்தியக் கம்பனிகள் அந்த ஆண்டு புதிய துணை விமானிக்கு மணித்தியாலத்துக்கு 90 டொலர் என்று அறிவித்தன. இத்தனை காலமும் கொடுக்க வழியில்லை என்றவர்களுக்கு, ஓரிரு மாதங்களில் வழி பிறந்துவிட்டது! 2024இல் பெரிய கம்பனிகள் சில ஆட்சேர்ப்பைக் குறைத்ததும் பேரம் மீண்டும் முதலாளிகளின் பக்கம் திரும்பத் தொடங்கியது.

ஆகவே, மகனையோ மகளையோ விமானப் பயிற்சிக்கு அனுப்ப நகையை விற்கலாமா, காணியை ஈடு வைக்கலாமா என்று யோசிக்கும் உம்மாமார், பயிற்சிக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. பயிற்சி முடிந்து முதல் வேலை கிடைக்கும்வரை எத்தனை ஆண்டு? சம்பளம் எந்த நேரத்திலிருந்து எண்ணப்படும்? காத்திருப்புக்கு என்ன கொடுப்பார்கள்? ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், வரிசையின் கடைசியிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற அமெரிக்க முறை அவர் போகுமிடத்திலும் உண்டா? பயிற்சிப் பாடசாலையின் அழகான பத்திரிகையில் இவற்றுக்குப் பதில் இருக்காது. ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவரின் மனைவியிடம் கேட்டால் கிடைக்கும்.

கொல்கன் எயார் 2012இல் மூடப்பட்டது. அந்த விபத்தில் இறந்தவர்களின் பெற்றோரும் மனைவிமாரும் பிள்ளைகளும் வொஷிங்டனுக்கு மீண்டும் மீண்டும் போய், உறுப்பினர்களின் அலுவலகக் கதவுகளைத் தட்டி அந்தச் சட்டத்தைப் பெற்றார்கள். ஒரு விமானி முன்னர் எந்தத் தேர்வில் தவறினார் என்பதைக் கம்பனிகள் மறைக்கவோ காணாமல் விடவோ முடியாதபடி ஒரு பொதுப் பதிவேடு வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இருந்தது. அதற்கான இறுதி விதிகள் வெளிவந்தது 2021ஆம் ஆண்டில், விபத்து நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்.