பெரிய கொடுவா எல்லாம் பெண்தான்!

வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் இருக்கிற மவுசு நம் வீடுகளில் கொடுவாவுக்குக் கிடையாது. "சேற்று வாடை அடிக்கும்" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வங்காளத்துப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்! அவர்கள் 'பேட்கி' என்று கொண்டாடுவது இந்தக் கொடுவாவைத்தான். ஆஸ்திரேலியாவில் இதன் பெயர் 'பாரமுண்டி'.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும், பழவேற்காடு ஏரி போன்ற உப்பங்கழிகளும்தான் இதன் வீடு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, கடல் தண்ணீர் ஏறிவரும் இரவு நேரத்தில் தாய் மீன் முகத்துவாரத்தருகே முட்டையிடும். ஏறும் தண்ணீரே முட்டைகளையும் குஞ்சுகளையும் உப்பங்கழிக்குள் கொண்டு சேர்க்கும். அங்கே வளர்ந்து, சில ஆற்றிலும் ஏறி, பருவம் வந்ததும் மறுபடி முகத்துவாரத்துக்கு வந்துவிடும். பிறந்த வீட்டுக்குப் பெண் வருகிற மாதிரி!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாகத்தான் பருவமடைகிறது. இரண்டு கிலோ வரை பெரும்பாலும் ஆண். நாலு, ஆறு கிலோ ஆகும்போது பெண்ணாக மாறிவிடுகிறது! அதனால் சந்தையில் ஏழு, எட்டு கிலோவில் கிடக்கும் மீன் அநேகமாகத் தாய் மீன்தான். அது ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் பத்து லட்சத்தையும் தாண்டும்.

ஆகையால் சகோதரிகளே, வீட்டுக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ மீனே போதும். முள்ளும் சதையும் அளவாக இருக்கும். தாய் மீனும் பிழைக்கும். இப்போது வளர்ப்புக் கொடுவாவும் வருகிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997ல் இதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு போகாத 61 நாளில் இந்த வளர்ப்பு மீன் கைகொடுக்கும்.

சின்ன மீனை வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற மீனைத் தின்று வாழும் மீன்களின் உடம்பில், வயது ஏற ஏற பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுப்பது நம் வழக்கம். ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவைச் சேர்த்திருக்கிறது. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதரசம் பாதிக்கும் என்பதுதான் காரணம். மாமியார் ஆசையாகச் செய்து கொடுத்தால் சண்டை வேண்டாம். "அத்தை, இந்த வாரம் மத்தி வாங்கலாமா? சின்னக் கொடுவா வாங்கலாமா?" என்று பக்குவமாகக் கேளுங்கள். மீனையே நிறுத்திவிடவும் வேண்டாம். அதிலுள்ள புரதமும் நல்ல கொழுப்பும் தாய்க்கும் சேய்க்கும் வேண்டியவை.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும். கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை குழியாமல் எழும்ப வேண்டும். செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி வெட்டும், முதுகு முள்ளும் குத்தும். ஜாக்கிரதை!

துண்டுகளை மஞ்சள், கல் உப்பு போட்டுத் தேய்த்து, நீர்த்த புளித்தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து அலசினால் சேற்று வாடை போயே போச்சு. சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, புளியும் மிளகாய்த்தூளும் கரைத்துவிட்டு, குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே மீனைப் போடுங்கள். ஏழெட்டு நிமிடம் போதும். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். சட்டியைத் துணியால் பிடித்து லேசாக ஆட்டினாலே போதும். தலையையும் வீசிவிடாதீர்கள், குழம்புக்கு ருசியே அதில்தான்!

கொடுவாவில் பொடி முள் குறைவு. குழந்தைக்கு ஊட்டும்போது மட்டும், காரம் சேர்க்காமல் வேகவைத்து, விரலால் உதிர்த்துத் தடவிப் பார்த்துக் கொடுங்கள். முதல் தடவை ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டு, உடம்பில் தடிப்பு, அரிப்பு ஏதும் வருகிறதா என்று கவனியுங்கள்.