இரட்டை இழுவண்டி: முதல் இணைப்பு ஏன் அச்சின் மேல் அமைகிறது?

அமெரிக்காவில் முகாம் வண்டியையும் படகு வண்டியையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பதைச் சில மாநிலங்கள் தடைசெய்ய, மினசோட்டா, மிச்சிகன் போன்றவை நீள வரம்புடன் அனுமதித்து, முதல் வண்டி 'ஐந்தாம் சக்கரம்' எனப்படும் இணைப்பில், அதாவது பிக்கப்பின் பின்னச்சுக்கு ஏறத்தாழ நேர் மேலே அமைந்த தட்டில், பூட்டப்பட வேண்டும் என்கின்றன. வாகனத்தின் வால்பகுதியில் உள்ள பந்துக் கொண்டியில் பூட்டினால், அச்சுக்கும் கொண்டிக்கும் இடையிலான தூரம் நெம்புகோலாகி, பக்கவாட்டு விசை இழுக்கும் வாகனத்தையே திருப்ப முயலும். அச்சின் மேல் பூட்டும்போது அந்த நெம்புகோல் கிட்டத்தட்ட இல்லாமற்போகிறது. இருப்பினும், திடீர்த் திருப்பத்தில் எழும் அசைவு ஒவ்வோர் இணைப்பையும் கடக்கும்போது பெருகக்கூடும் என்பதால், கடைசி வண்டியின் ஊசலாட்டமே மிகவும் அஞ்சத்தக்கது. ஓட்டுநருக்கு அது தாமதமாகவே தெரியவரும். ஆகவே, இரண்டாவது வண்டிக்கான கொண்டி முதல் வண்டியின் பம்பரில் அல்லாமல் சட்டகத்திலேயே உறுதியாகப் பொருத்தப்படுவதும், பாதுகாப்புச் சங்கிலிகளும், இணைப்பு அறுந்தால் தானாகவே பிரேக் பிடிக்கவைக்கும் சுவிட்சும் இன்றியமையாதவை.