தடித்த சுவர் வீடுகளில் வைஃபை: நான் விற்ற பெட்டி ஏன் வேலை செய்யவில்லை?

காலிக் கோட்டைக்குள் வசிக்கும் எனது பெரியம்மாவின் மகள், எனக்கு ராத்தா முறை. வீட்டின் நான்கு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தி வருகிறார். கடந்த வருடம் எனது கடையில் ஒரு வைஃபை ரிப்பீட்டர் வாங்கினார். இரண்டு மாதம் கழித்து இன்னொன்று வாங்கினார். மூன்றாவது முறை வந்தது எதையும் வாங்குவதற்காக அல்ல.

"தம்பி, லைட் எல்லாம் எரிஞ்சிக்கிட்டுதான் ஈக்கிது. வேலெதான் நடக்கிதில்ல" என்றார்.

பின் அறையில் மூன்று நாள் தங்க வந்த இருவர் ஒரே இரவில் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போனவர்கள் சும்மாவும் போகவில்லை. அறை சுத்தம், சாப்பாடு நல்லது, இன்டர்நெட் இல்லை என்று முன்பதிவுத் தளத்தில் இரண்டு வரி எழுதிவிட்டார்கள். இதற்கிடையில் ராத்தா எட்டு மாதமாகக் கூடுதல் வேகப் பெக்கேஜுக்கும் பணம் கட்டி வந்திருக்கிறார். அந்த யோசனையும் என்னுடையதுதான் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டைப் போய்ப் பார்க்காமல் கடையில் இருந்தபடியே சொன்ன யோசனை அது.

அடுத்த நாளே போனேன். கோட்டைக்குள் இருக்கும் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு அமைப்புத் தெரியும். வீதியோரம் குறுகல், உள்ளே நீளம். முன்னால் திண்ணை, அடுத்து பெரிய மண்டபம், பின்னர் நடுமுற்றம், அதைச் சுற்றி அறைகள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர்கள். ராத்தாவின் வீட்டுச் சுவரை அளந்தபோது இரண்டு அடிக்கு மேல் இருந்தது. வீதியிலிருந்து வரும் ஃபைபர் வயர் முன் மண்டபத்தோடு நின்றுவிடுகிறது. ரவுட்டர் இருந்ததும் அங்கேதான், இரும்பு அலுமாரிக்கும் டீவிக்கும் நடுவில்.

கையடக்கத் தொலைபேசியில் சிக்னல் அளக்கும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. அவை டெசிபல் கணக்கில் எண்ணைக் காட்டும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால், எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மோசம் என்று பொருள். 50க்குள் இருந்தால் மிக நல்லது. 67 வரை வீடியோ அழைப்புத் தடையின்றி நடக்கும். 80ஐத் தாண்டினால் பெயருக்குத்தான் இணைப்பு. இந்தக் கணக்கில் 3 குறைந்தால் சக்தி பாதியாகும், 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகும்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் 38 காட்டியது. ஒரு சுவர் தாண்டியதும் 59. பின் அறையில் 84. பிறகு ஒரு காரியம் செய்தேன். முன் ஜன்னலைத் திறந்துவிட்டு வீதியில் இறங்கி, பின் அறை இருக்கும் அதே தூரத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன். அங்கே 60தான். தூரம் ஒன்றே, ஆனால் வீட்டுக்குள் கிடைப்பதை விட வீதியில் ஏறத்தாழ 250 மடங்கு சக்தி. ராத்தாவின் வைஃபையை வழிப்போக்கர்கள்தான் நன்றாக அனுபவிக்கலாம் போலிருந்தது.

ஆகவே குற்றவாளி தூரம் அல்ல, சுவர். வைஃபை என்பதும் ஒரு வானொலி அலைதான். ஒவ்வொரு சுவரும் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. பலகைத் தடுப்பு சிறிதளவும், செங்கல் அதைவிடக் கூடுதலாகவும், கம்பி வைத்த கொங்கிரீட் இன்னும் கூடுதலாகவும் விழுங்கும். ஈரம் ஊறிய சுவர் மோசம், ஏனெனில் நீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். அலை சுவரைச் சரிவாகக் கடந்தால் இரண்டு அடிச் சுவர் மூன்று அடிச் சுவராகிவிடும். இப்போதைய ரவுட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. வேகம் கூடியது 5. சுவரைக் கண்டதும் முதலில் சோர்ந்து போவதும் அதுவே.

இனி, செய்த செலவுகள் ஏன் வீணாயின என்பதைப் பார்ப்போம். பெக்கேஜ் என்பது ரவுட்டர் வரை வந்து சேரும் வேகம். அது முன் மண்டபத்தில் குறைவின்றி இருந்தது. பின் அறைக்கு வராத தண்ணீருக்கு, வீதிக் குழாயைப் பெரிதாக்கி என்ன பயன்? ரிப்பீட்டரின் கதை வேறு. தனக்குக் கேட்பதைத் திருப்பிச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அதைச் சிக்னல் இல்லாத பின் அறையிலேயே செருகியிருந்தார்கள். தொலைபேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் சிக்னல் நிறைவாக இருந்ததால் கோடுகள் எல்லாம் காட்டின. ஆனால் ரிப்பீட்டருக்கே ரவுட்டரின் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. மேலும், மலிவான ரிப்பீட்டர்கள் கேட்பதையும் சொல்வதையும் ஒரே அலையில் மாறி மாறிச் செய்வதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நான் விற்றது அந்த ரகம்.

நாலு அன்டெனா, ஆறு அன்டெனா உள்ள ரவுட்டர் வாங்கினால் தீருமா என்று அனேகர் கேட்கிறார்கள். அது ஒருபக்கத் தீர்வு. ரவுட்டர் உரத்துக் கத்தலாம். ஆனால் தொலைபேசியின் பதில் அதே சுவரைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். சின்னஞ்சிறிய தொலைபேசியின் குரல் சின்னதுதான்.

சுவரை வெல்ல முயல்வதை விட்டுவிட்டுச் சுவரைச் சுற்றிப் போவதுதான் வழி. அதாவது இணையத்தை ஒரு நெட்வொர்க் கேபிள் மூலம் உள்ளே கொண்டுபோய், தேவையான இடத்தில் இரண்டாவது வைஃபைப் பெட்டியை வைப்பது. காலிக் கோட்டை 1988ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே நினைத்த மாத்திரத்தில் சுவரைத் துளைக்க முடியாது. துளைக்கத் தேவையும் இருக்கவில்லை. சுவரின் தலைக்கும் ஓட்டுக் கூரைக்கும் இடையில் உள்ள இடைவெளி வழியாக, மரச் சட்டத்தை ஒட்டி 28 மீற்றர் கேபிள் இழுத்தோம். இரண்டாவது பெட்டியை நடுமுற்றத்துத் தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத உயரத்தில் மாட்டினோம். அறைகளின் கதவுகளும் ஜன்னல்களும் முற்றத்தைப் பார்த்தே இருப்பதால் அலை சுவரில் முட்டாமல் உள்ளே போகிறது. பின் அறையில் இப்போது 55. தடித்த சுவரால் ஒரு நன்மையும் உண்டு. பக்கத்து வீட்டு வைஃபையின் இரைச்சல் உள்ளே வருவதில்லை.

இரண்டாவது பெட்டி புதிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதை அக்சஸ் பொயின்ட் முறைக்கு மாற்றி, டி.எச்.சி.பி. எனும் முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிட வேண்டும். அதை முதல் பெட்டி மட்டுமே செய்யட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தால் நடக்கும்போது தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும். 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 மட்டுமே. ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11 என வையுங்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிளும் அதே நிறத்தில், அதே எழுத்துடன் விற்பனைக்கு வருகிறது. 100 மீற்றர் வரை நல்ல கேபிளில் வேகம் குறையாது.

மெஷ் என்று விற்கப்படும் பெட்டிகளும் நல்லவையே. ஆனால் அவற்றையும் கேபிளால் இணைத்தால்தான் தடித்த சுவர் வீட்டில் முழுப் பயன் கிடைக்கும். மின்சார வயர் வழியே இணையத்தை அனுப்பும் பவர்லைன் பெட்டிகள் பழைய வயரிங்கில் ஒரு அறையில் ஓடும், அடுத்த அறையில் படுத்துவிடும். திருப்பி எடுக்கச் சம்மதிக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

காத்தான்குடி போன்ற ஊர்களில் பிரச்சினை சுவரில் அல்ல, தட்டில். மூத்த மகளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்மாடி என்று கட்டுகிறோம். ஒரே இணைப்பை இரு குடும்பமும் பாவிக்க, நடுவில் கம்பி கட்டிய கொங்கிரீட் தட்டு. மாடிப்படி வழியே ஒரு கேபிள் ஏற்றினால் காரியம் முடிந்தது. புதிதாகக் கட்டுபவர்கள் சீமெந்து பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வெறும் முக்கால் அங்குல பிளாஸ்டிக் குழாயைப் பதித்து வைக்கும்படி மேசனிடம் சொல்லுங்கள். குழாயின் விலை அற்பம். பூசிய சுவரைப் பிறகு உடைப்பது அப்படியல்ல.

ராத்தாவின் பில்லில் இரண்டு ரிப்பீட்டரின் பணத்தையும் கழித்தே எழுதினேன். அப்படிக் கழிக்காவிட்டாலும், கேபிளுக்கும் கூலிக்குமான தொகை அவர் எட்டு மாதம் கூடுதலாகக் கட்டிய பெக்கேஜ் பணத்தை விடக் குறைவு. பெக்கேஜைப் பழையபடி குறைத்துவிட்டார். பின் அறையில் இப்போது மடிக்கணனியில் வேலை செய்யும் ஒருவர் மாதக் கணக்கில் தங்கியிருக்கிறார். அந்த இருவர் எழுதிய இரண்டு வரி மட்டும் தளத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது.