மரநாய் கற்றுக் கொடுத்த பாடம்!

‘கோழி வளர்க்கிறதுக்கெல்லாமா படிப்பு வேணும்?’ என்று சிரித்தவள் நான். ஒரே ராத்திரியில் ஐந்து கோழிகளைப் பறிகொடுத்த பிறகுதான் புத்தி வந்தது. மற்ற சகோதரிகளாவது என்னைப் போல ஏமாறக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

மாமனார் காலமான பிறகு, வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த அத்தையை (மாமியார்தான்) திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்தோம். வந்த நாளிலிருந்து அவருக்கு வீடு ஒட்டவே இல்லை. “விடியக்காலம் ஒரு சேவச் சத்தங்கூட கேக்கல. இதெல்லாம் ஒரு ஊரா?” என்பார். கொல்லையில் ஒரு வேப்பமரமும் கொஞ்சம் காலி இடமும் இருந்தன. ஒரு வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போய், சிறுவிடைக் கோழி ஏழும் சேவல் ஒன்றும் வாங்கி வந்தோம். சிறுவிடை உருவத்தில் சின்னதுதான். ஆனால் அடை காப்பதிலும் குஞ்சுகளை மேய்ப்பதிலும் கெட்டி என்று அத்தைதான் பொறுக்கினார்.

கூடு? பழைய பெட்டிப் பலகையும், கடையில் மலிவாகக் கிடைத்த மெல்லிய கோழி வலையும் வைத்து, என் வீட்டுக்காரர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கட்டி விட்டார். மண் தரை, கயிற்றால் கட்டிய கதவு. நானும் பெருமையாக நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பத்தாம் நாள் காலையில் பார்த்தால் வலை கிழிந்து தொங்குகிறது. கொல்லை முழுக்க இறகு! சேவலும் இரண்டு பெட்டைகளும் மூலையில் ஒண்டிக் கிடந்தன. கால் தடத்தைப் பார்த்த அத்தை, “மரநாய் வேலை” என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம், “எல்லாம் என் ராசி தாயி. நான் ஊருக்கே போயிடுறேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன ஐந்து கோழிகளை விட அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை.

திண்டுக்கல்லிலேயே கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. விசாரித்துக் கொண்டு போனோம். அங்கே கேட்டதையும், அத்தையின் அனுபவத்தையும் சேர்த்து, ஆசாரியை வைத்துப் புதுக் கூடு கட்டினோம். அதன் விவரம் இதுதான்:

இரவில் மட்டும் அடைக்க, ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். பத்துக் கோழிக்கு 5 அடி நீளம், 4 அடி அகலம். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகலான பக்கத்தில் விழும், உள்ளே வேகாது. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம். மேலே தகர ஷீட், அதன் மேல் தென்னங்கீற்று. தகரம் மட்டும் போட்டால் அடுப்பாகி விடும்; கீற்று மட்டும் போட்டால் மரநாய் பிரித்து விடும். ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரல் உள்ளே அடிக்காதபடி சுற்றிலும் ஒரு அடி இறக்கி விட்டிருக்கிறோம்.

கூடு தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால்களின் மேல் நிற்கிறது. தரைக்கு அரை இஞ்ச் இடைவெளி விட்டு மூங்கில் தப்பைகள். எச்சம் கீழே விழுந்து விடுவதால் கூடு ஈரமாகாது. தினமும் காலையில் கூட்டி, சாம்பல் கலந்து குழியில் போடுகிறேன். நாற்றம் இல்லாததால் பக்கத்து வீட்டிலும் முகம் சுளிப்பதில்லை. மக்கியதும் செடிகளுக்கு உரம்.

சுவரில் கீழே ஒரு அடி பலகை, அதற்கு மேல் அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ். நான் செய்த பெரிய தப்பே இங்கேதான். சாதாரண கோழி வலை, கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். நாயையும் மரநாயையும் வெளியே நிறுத்தாது. கம்பி ஓரத்தைச் சும்மா ஆணியில் மாட்டாமல், மேலே மரப்பட்டி வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

உள்ளே கோழிகள் ஏறி உட்கார இரண்டு கம்புகள், இரண்டும் ஒரே உயரத்தில். ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் மேல் கம்புக்கு தினமும் சண்டைதான்! முட்டையிட, இருட்டான மூலையில் ஒரு அடிச் சதுரப் பெட்டிகள், நாலைந்து கோழிக்கு ஒன்று. பெட்டி கம்பை விடத் தாழ்வாக இருக்கட்டும். இல்லையென்றால் அதிலேயே படுத்து எச்சமிட்டு முட்டையை நாசமாக்கும்.

கதவுக்குக் கொண்டியும் பூட்டும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு, எங்கள் வீட்டில் கோழிக்கும் காவல்! பழைய மரம் கொஞ்சம் கையில் இருந்ததால் கூலியோடு 6,400 ரூபாய் ஆனது. ஐந்து கோழிகளை விட்ட பிறகு அது அதிகமாகத் தெரியவில்லை.

கூடு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்காது. ராணிக்கெட் என்கிற இந்த நோய் வந்தால் கூட்டையே காலி செய்து விடும். குஞ்சுக்கு 7-ம் நாள் சொட்டு மருந்து, 8-வது வாரம் இறக்கையடியில் ஊசி. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, வெயில் ஆரம்பிக்கும் முன்பே போட்டு விடுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை அன்றே மற்றவற்றோடு விடாமல், இரண்டு வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் வைத்திருந்து பாருங்கள்.

புதுக்கூட்டில் ஒரு பெட்டை ஒரு ஈடு முட்டையிட்டு அடைக்குக் கேறியது. அத்தை பானையில் மணல் பரப்பி, 11 முட்டை வைத்து, கூடவே ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டார். “இடி இடிச்சா கூமுட்டையாயிரும்” என்றார். நான் என் பங்குக்கு ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கரு பிடிக்காத இரண்டை எடுத்து விட்டேன். 21-ம் நாள் ஒன்பதும் பொறித்தன! இரண்டைக் காக்கா தூக்கிக் கொண்டு போனது. மீதி ஏழும் தேறின. பழையது மூன்று, புதியது ஏழு. மறுபடி சந்தைக்குப் போகாமலே பத்து ஆயிற்று. இப்போது வீட்டுக்கு முட்டை வாங்குவதில்லை. வளர்ந்த சேவல்களில் இரண்டை விற்ற பணம் அத்தையின் கைச்செலவுக்கு.

தினமும் பொழுது சாயும்போது அத்தைதான் கூட்டு வாசலில் நின்று, “ஒண்ணு, ரெண்டு...” என்று எண்ணி உள்ளே விடுகிறார். சாவியை என்னிடம் கூடத் தருவதில்லை. சுருக்குப்பையில் முடிந்து வைத்திருக்கிறார். ஊருக்குப் போகிற பேச்சை எடுத்தே பல மாதம் ஆகிறது. போன வாரம் ஊரில் திருவிழா என்று அழைப்பு வந்தபோது சொன்னார்: “கோழிய யாரு அடைப்பா? நீங்க போய்ட்டு வாங்க தாயி!”

– ஒரு வாசகி, திண்டுக்கல்.