பதினெட்டைப் பல் அறியுமா?

(உடலின் சாட்சி – 9)

1833-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு தொழிற்சாலைச் சட்டம் இயற்றியது. 9 வயது நிரம்பாத குழந்தையை நெசவாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது; 9-க்கும் 13-க்கும் இடைப்பட்டவர்களிடம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது சட்டம். ஆனால் ஆலை வாசலில் நிற்கும் குழந்தைக்கு வயது ஒன்பதா ஏழா என்று யார் சொல்வது? அங்கே பிறப்பைப் பதியும் அரசு முறை 1837 ஜூலையில்தான் தொடங்கியது. பசித்த வீட்டுப் பெற்றோர் கூலிக்காக வயதைக் கூட்டிச் சொன்னார்கள். மருத்துவர் உயரத்தையும் உடல்வாகையும் பார்த்துச் சான்று எழுதினார். அதே 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாயைச் சோதித்து, உயரத்தைவிடப் பல்லே வயதுக்கு நம்பகமான சாட்சி என்று ஒரு சிறு நூல் எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். பல்லைப் பார்த்து வயது சொல்லும் துறைக்கு அந்த நூல் ஒரு தொடக்கப்புள்ளி. குழந்தையை ஆலையிலிருந்து காப்பாற்றும் அக்கறையில் எழுந்த கேள்வி அது. இன்று அதே பல்லிடம், சிறைக்கும் சிறார் இல்லத்துக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு வயது கேட்கிறோம். பல் சொல்வது ஒன்று. நாம் அதன் வாயிலிருந்து வரவழைப்பது வேறொன்று. இந்த வாரம் நான் வைக்கும் வாதம் இதைப் பற்றியதுதான்.

முதலில் பல்லுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். சென்ற வாரம் பார்த்த எலும்பு, ஊட்டக் குறைவுக்கும் சுரப்பிக் கோளாறுகளுக்கும் எளிதில் ஆட்பட்டுவிடும். பல் அவ்வளவு எளிதில் அசைந்து கொடுக்காது. தாயின் வயிற்றில் நான்காம் மாத வாக்கிலேயே பால்பற்கள் சுண்ணாம்பு ஏறத் தொடங்கிவிடுகின்றன. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஏறக்குறைய பிறக்கும் நேரத்தில் உருவாகத் தொடங்கி, ஆறு ஏழு வயதில் ஈறைக் கிழித்து வெளியே வந்து, ஒன்பது பத்து வயதில் வேர்நுனி மூடிக்கொள்கிறது. இரண்டாம் கடைவாய்ப்பல் பன்னிரண்டு வயதை ஒட்டி முளைக்கிறது. அதன் வேர் முடிய பதினான்கு முதல் பதினாறு வயது ஆகும். இந்த வரிசை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சாண்டர்ஸ் பார்த்தது முளைத்த பல்லை மட்டும். பால்பல் சொத்தையாகி முன்னதாக விழுந்தால் அடியிலிருக்கும் பல் முளைக்கும் நேரம் மாறிவிடும். தாடையில் இடம் இல்லாவிட்டால் முளைப்பதே தள்ளிப்போகும். முளைப்பது ஒரு கணத்து நிகழ்ச்சி. உருவாவதோ பல ஆண்டு வேலை. அதற்கு இத்தகைய இடையூறுகளும் குறைவு. ஈறுக்குள் நடக்கும் அந்த வேலையைக் காட்ட எக்ஸ்ரே வந்த பிறகுதான் துறை உறுதியான தரையில் கால் வைத்தது.

இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் முறை 1973-இல் டெமிர்ஜியான், கோல்ட்ஸ்டைன், டானர் ஆகிய மூவர் வெளியிட்டது. வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில், கீழ்த்தாடையின் இடப்பக்கத்து ஏழு பற்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் எட்டு நிலைகள். முகட்டில் சுண்ணாம்புப் புள்ளி தோன்றுவது முதல் நிலை. தலைப்பகுதி முழுமையாவது நான்காவது. வேர்நுனி மூடுவது எட்டாவது. ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பெண் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை. பெண் குழந்தைகளின் பற்கள் சற்று முந்தி முதிர்கின்றன. ஏழின் மதிப்பெண்ணையும் கூட்டி நூற்றுக்கு இத்தனை என்று கண்டு, அதற்கு நேரான வயதைப் படிக்க வேண்டும். பல்லின் நீளத்தை அளக்காமல் வடிவத்தை மட்டும் பார்ப்பதால், படம் சற்றுப் பெரிதாக விழுந்தாலும் பாதகமில்லை. எளிமையும் ஒழுங்கும் கூடிய முறை. ஆனால் அந்த அட்டவணை கனடாவின் பிரெஞ்சு வம்சாவளிக் குழந்தைகள் சுமார் மூவாயிரம் பேரை வைத்துப் போட்டது.

இங்கே முதல் மறுப்பு எழும். கனடாக் குழந்தையின் கணக்கை நம் குழந்தைக்குப் போடலாமா? மறுப்பு நியாயமானது. 1998-இல் தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்த முறையைச் சோதித்த ஓர் ஆய்வு, பல் காட்டிய வயது உண்மை வயதைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கூடுதல் என்று கண்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பதினைந்தாக்கிவிடும் பிழை அது. ஆகவே நமக்கென்று அட்டவணை போடுவோம் என்கிறார்கள். இந்தியக் குழந்தைகளுக்கான சூத்திரங்களும் வெளிவந்திருக்கின்றன. அந்த வேலை தேவைதான். ஆனால் அதோடு சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. 2002-இல் தாவணகெரேயில் அதே முறையைக் கொண்டு செய்த ஆய்வில் பிழை ஒரு ஆண்டை ஒட்டியே இருந்தது. இரண்டுமே தென்னிந்திய ஆய்வுகள். இடைவெளியோ இரண்டு ஆண்டு. குழந்தைகள் வேறு என்பதோடு, எந்த வயதினரை எத்தனை பேர் சேர்த்தார்கள், படத்தை யார் படித்தார்கள் என்பவையும் விடையை இழுக்கின்றன என்றே இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. இன்னும் அடிப்படையான தடை ஒன்று உண்டு. அட்டவணை திருத்துவது சராசரியின் பிழையை. ஒரே நாளில் பிறந்த குழந்தைகளுக்குள் இருக்கும் வேறுபாட்டை எந்த அட்டவணையும் அழிக்காது. ஒரே காலையில் பூத்த மாம்பூக்கள் ஒரே காலையில் பழமாவதில்லை. ஊர்க் குழந்தைகளை வைத்தே போட்ட அட்டவணையும் ஒரு தனிக் குழந்தையின் வயதில் இரு பக்கமும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தள்ளாடும்.

தள்ளாட்டம் எல்லா வயதிலும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் விஷயத்தின் மையம். சிறு வயதில் பல பற்கள் ஒரே நேரத்தில் உருவாகிக்கொண்டிருக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டும். வயது ஏற ஏற ஒவ்வொரு பல்லாக வேலையை முடித்துக்கொள்கிறது. பதினாறு வாக்கில் ஏழு பற்களும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட, அட்டவணை மௌனமாகிவிடுகிறது. அதற்குமேல் மிஞ்சுவது ஞானப்பல் ஒன்றுதான். வாயிலுள்ள பற்களிலேயே அதிகம் மாறுபடுவது அது. உலக அளவில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. உருவானவர்களுக்கும் வேர் முடிவது பதினெட்டுக்குச் சற்று முன்பிருந்து இருபத்தைந்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். 1993-இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வு, ஞானப்பல் வேர்நுனி முழுதும் மூடிய ஓர் இளைஞர் பதினெட்டைக் கடந்திருக்க ஏறத்தாழ 90 விழுக்காடு வாய்ப்பு என்றது. கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் பத்தில் ஒருவர் குழந்தை. வேர் மூடாதவர் பதினெட்டுக்குக் கீழ் என்றும் சொல்ல முடியாது. இருபது வயதிலும் மூடாதவர் உண்டு. சட்டம் உயிராகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே எண் பதினெட்டு. பல்லுக்கு அந்த எண் தெரியாது. தன் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அப்படியானால் பல்லை விட்டுவிட்டுக் காகிதத்தையே நம்பலாமே என்று கேட்கலாம். நம் இளைஞர் நீதிச் சட்டமும் (2015, பிரிவு 94) அதையே சொல்கிறது: முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, இவை எதுவுமே இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. இந்த வரிசையோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் காகிதம் இல்லாதவர்கள் யார்? 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 41 விழுக்காட்டினரின் பிறப்பு மட்டுமே பதிவாகியிருந்தது. அந்தக் குழந்தைகள் பதினெட்டைத் தொட்டது 2018-க்குப் பிறகு. 2019-21 கணக்கெடுப்பில் இது 89 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது, மகிழ்ச்சிதான். மிச்சமிருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள், ஊர்விட்டு ஊர் போய் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், தெருவில் வளர்பவர்கள். காவல் நிலையத்திலும் செங்கல் சூளையிலும் வயது கேள்விக்குள்ளாகும் பிள்ளைகளும் இவர்களே. காகிதம் இருக்கும் இடத்திலும் பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாளைப் பிறந்தநாளாக எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. பல்லை விலக்கினால் அந்த இடத்தில் வந்து உட்காருவது மீசையையும் தோள் அகலத்தையும் பார்க்கும் கண்தான். அது பல்லைவிட மோசமான சாட்சி.

வேறொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. சந்தேகத்தின் பலனைக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டே போனால் வளர்ந்த குற்றவாளியும் குழந்தை என்று தப்பிவிட மாட்டானா? சிலர் தப்பத்தான் செய்வார்கள். பதினேழு வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் சிறையில் அடைத்துவிட்டுப் பிறகு தவறு தெரிந்தால் திருப்பித்தர ஒன்றுமில்லை. இருபது வயதுக்காரர் சிறார் இல்லத்தில் இருப்பது தெரிந்தால் மாற்றிவிடலாம். இரண்டு பிழைகளும் ஒரே எடையல்ல. நம் நீதிமன்றங்களும் இதை உணர்ந்தே இருக்கின்றன. எக்ஸ்ரே சொல்லும் வயதில் இருபுறமும் இரண்டு ஆண்டு வித்தியாசம் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொன்னது. 2007-இன் இளைஞர் நீதி விதிகள் ஒரு ஆண்டு வரை குழந்தைக்குச் சாதகமாகக் குறைத்துக்கொள்ளவும் இடம் தந்தன. இன்றைய 94-ஆம் பிரிவில் அந்த வரி இல்லை. ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் திசை திரும்பிவிடுகிறது. அங்கே வயது கேட்கப்படுவது பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு. சந்தேகத்தின் பலன் போய்ச் சேர்வது குற்றம் சாட்டப்பட்டவருக்கு. 2023-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; எலும்புச் சோதனை அறிக்கை பெண்ணின் வயதைப் பதினெட்டுக்கும் இருபதுக்கும் இடையில் வைத்திருந்தது; போக்சோ தண்டனை நிற்கவில்லை. ஒரே இரண்டாண்டு இடைவெளி, ஒரு வழக்கில் பிள்ளையைக் காக்கும். இன்னொன்றில் பிள்ளைக்கு எதிராக நிற்கும். ஆகவே எந்தப் பக்கம் சாய்வது என்பது சட்டத்தின் வேலையாகவே இருக்க வேண்டும். மருத்துவர் இரக்கத்தாலோ, காவல்துறை எதிர்பார்ப்பாலோ, தெளிவான பதில் தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தாலோ இடைவெளியைச் சுருக்கி எழுதினால், நீதிபதி எடுக்க வேண்டிய முடிவை அவருக்குத் தெரியாமலேயே எடுத்துவிடுகிறார்.

பல இடங்களில் நடப்பது இதுதான் என்று அஞ்சுகிறேன். "18-க்கு மேல், 20-க்குள்" என்ற ஒற்றை வரியில் எந்தப் பல் எந்த நிலையில் இருந்தது, எந்த நாட்டு அட்டவணை, எவ்வளவு தள்ளாட்டம் என்ற எதுவும் தெரிவதில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எதைப் பிடித்துக் குறுக்கு விசாரணை செய்வார்? வெளிநாடுகளில் கேள்வியையே மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஜெர்மனியின் தடயவியல் குழுவினர் பல், மணிக்கட்டு, காறை எலும்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்து, குறைந்தபட்சம் இத்தனை வயது என்று மட்டும் சொல்கிறார்கள். பிரிட்டனில் தஞ்சம் கேட்டு வரும் இளையோருக்காக அமைத்த அறிவியல் குழு 2022-இல் தந்த அறிக்கை, வயதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம், அவர் சொல்லும் வயது இந்த உடலுக்குச் சாத்தியமா என்பதைச் சொல்லுங்கள் என்றது. மருத்துவத் தேவையின்றிப் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுப்பது சரியா என்று பல் மருத்துவர்கள் அங்கே எதிர்ப்பதும் நியாயமே, கதிர்வீச்சு மிகச் சிறிதென்றாலும். சாத்தியமா என்ற கேள்விக்குப் பல்லால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். பதினாறு என்கிற பிள்ளையின் ஞானப்பல் வேர் இன்னும் பாதிகூட வளரவில்லை என்றால், அவர் சொல்வதைப் பொய் என்று தள்ள இடமில்லை. 94-ஆம் பிரிவு எலும்புச் சோதனையோடு "அண்மைய மருத்துவ வயது நிர்ணயச் சோதனை" என்றும் இடம் விட்டிருக்கிறது. உத்தரவிட்ட 15 நாளுக்குள் முடிக்கவும் சொல்கிறது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அறிக்கைப் படிவத்தில் பல்லின் நிலை, பயன்படுத்திய அட்டவணை, கீழ்வரம்பு, மேல்வரம்பு, பிள்ளை சொல்லும் வயது சாத்தியமா என்ற ஐந்து கட்டங்கள் வேண்டும். மாநில மருத்துவத் துறையும் உயர் நீதிமன்றமும் சேர்ந்தால் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிடலாம்.