அட்டெனலால் எல்லோருக்கும் ஒத்துவருமா?

அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால். பிரஷருக்கு மருந்து எடுப்பவர்களின் மாத்திரை அட்டையில் இவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாம் பீட்டா பிளாக்கர் குடும்பம். இந்தக் குடும்பத்தில் பெரிய வெற்றி பெற்ற முதல் மருந்து ப்ரோப்ரனலால். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக், 1960-களில் அதை நெஞ்சுவலிக்காகத்தான் உருவாக்கினார். 1988-ல் நோபல் பரிசும் பெற்றார். அது ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்பது பிறகு தெரியவந்தது.

முதலில் நாடி, பிறகு அழுத்தம்

அட்ரினலின் இதயத்தை விரட்டுவதை பீட்டா பிளாக்கர் தடுக்கிறது. துடிப்பின் வேகமும் விசையும் குறைகின்றன. ரத்தக்குழாயைச் சுருக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் ரெனினைச் சிறுநீரகம் சுரப்பதும் குறைகிறது. முதல் நாளே நாடி நிதானமாகிவிடும். அழுத்தம் முழுதாக இறங்க ஓரிரு வாரம் பிடிக்கலாம். மூன்றாம் நாளே அளந்து பார்த்து, 'மாத்திரை கேட்கவில்லை' என்று டாக்டரை மாற்றுவது அவசரம்.

யாருக்கு நன்றாகக் கேட்கும்?

நாடி வேகமாக ஓடுகிற, அடிக்கடி படபடக்கிற இளவயதினருக்குப் பலன் நன்றாகத் தெரியும். அவர்களுக்குப் பெரும்பாலும் ரெனின் அதிகம். வயதானவர்களின் கதை வேறு. ரத்தக்குழாய் விறைத்து, ரெனினும் குறைந்துபோன உடம்பில் பீட்டா பிளாக்கர் மட்டும் கொடுத்தால் பலன் குறைவு. ஆனால் மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், நெஞ்சுவலியோ சீரற்ற இதயத்துடிப்போ உள்ளவர் என்றால் வயதைப் பார்க்காமல் டாக்டர்கள் இதை நாடுவதுண்டு. கர்ப்பிணிகளின் பிரஷருக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த லபெடலால் இன்றும் முக்கிய மருந்து.

கையில் இறங்கினால் போதுமா?

2002-ல் வெளிவந்த 'லைஃப்' ஆய்வு மருத்துவர்களை யோசிக்க வைத்தது. இதயத்தசை தடித்திருந்த பிரஷர் நோயாளிகள் 9,000-க்கும் மேற்பட்டோரில் ஒரு பாதிக்கு லோசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மருந்து, மறு பாதிக்கு அட்டெனலால். கையில் அளந்த அழுத்தம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் இறங்கியது. ஆனால் பக்கவாதம் லோசார்டன் தரப்பில் சுமார் 25 சதவீதம் குறைவு!

இதற்கு ஒரு விளக்கம் பின்னர் கிடைத்தது. துடிப்பு மெதுவாகும்போது, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் அழுத்தம் கையில் இறங்கிய அளவுக்கு இறங்குவதில்லை. 2006-ல் பிரிட்டன் பீட்டா பிளாக்கர் குடும்பத்தையே முதல் தேர்விலிருந்து நீக்கியது. 2023-ன் ஐரோப்பிய வழிகாட்டுதலோ இதை முக்கிய மருந்துகளின் வரிசையில் மீண்டும் நிறுத்தியது. அறுபதைத் தாண்டியவருக்கு, வேறு இதயக் கோளாறு இல்லாதபோது, வெறும் பிரஷருக்கென்று அட்டெனலாலில் தொடங்குவது இன்று பொருத்தமில்லை என்பதே என் கருத்து. அதே கணக்கை நெபிவோலால் போன்ற புதியவற்றின் மீதும் ஏற்றுவது நியாயமாகாது.

உடம்பு சொல்லும் புகார்கள்

சோர்வு, கைகால் ஜில்லிடுதல், கலவரமான கனவுகள். மாடிப்படி ஏறும்போது கால் கனக்கும். நாடி ஏற வேண்டிய அளவுக்கு ஏறாததே காரணம். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மூச்சுக்குழாய் சுருங்கக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல்: லோ சுகர் ஆகும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. திடீரென்று குப்பென வியர்த்தால் உடனே சுகர் பாருங்கள்.

ஆண்மைக் குறைவு பற்றிய பயமும் உண்டு. 2003-ல் வந்த இத்தாலிய ஆய்வொன்றில், என்ன மருந்தென்றே தெரியாமல் அட்டெனலால் எடுத்தவர்களில் சுமார் 3 சதவீதத்தினர் அந்தக் குறையைச் சொன்னார்கள். பக்கவிளைவு விவரத்தோடு எடுத்தவர்களில் 31 சதவீதம். பயமும் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

நீங்களாக நிறுத்தாதீர்கள்

மருந்து தடுத்துக்கொண்டே இருப்பதால், அட்ரினலினை ஏற்கும் மையங்களை உடம்பு பெருக்கிக்கொள்கிறது. பிரஷர் நார்மலாகிவிட்டது என்று திடீரென நிறுத்தினால், அத்தனையும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். படபடப்பு, எகிறும் அழுத்தம், நெஞ்சுவலி. ஏற்கெனவே இதய நோய் இருந்தால் மாரடைப்பே வரலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் டாக்டர் ஓரிரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார். நாடி 50-க்குக் கீழ் போய்த் தலைசுற்றினால் தாமதிக்காமல் அவரைப் பாருங்கள். வெளியூர் கிளம்பும்போது துணிமணிக்கு முன்னால் மாத்திரை அட்டையை எடுத்து வையுங்கள்.