கடுவன் குட்டியா, பெட்டைக் குட்டியா?

நம் கேமரன் மலைத் தோட்டங்களில் நாய்க்குட்டி கேட்டுப் போகிறவர்கள், "கடுவனாகப் பார்த்துக் கொடுங்கள்" என்றே சொல்கிறோம். வேண்டாத பெட்டைக் குட்டிகள் தேயிலை நிரைகளில் விடப்பட்டுக் குளிரில் மடிகின்றன. இது நியாயந்தானா?

பொமரேனியன் போன்ற சிறு சாதி நாய்களை எடுத்துக் கொள்வோம். கடுவனும் பெட்டையும் ஏறத்தாழ இரண்டு, மூன்று கிலோ எடைதான். அன்பும் குரைப்பும் பெரும்பாலும் வளர்ப்பைப் பொறுத்தவை.

வேறுபாடு இனப்பெருக்கத்தில் இருக்கிறது. பெட்டை பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். சிறு சாதியில் குட்டியின் தலை பெரிதாக இருந்து பிரசவம் தடைப்படலாம். நள்ளிரவில் மருத்துவரைத் தேடி ஈப்போவுக்கு மலையிறங்க நேர்ந்தால் என்ன செய்வோம்? பருவம் முடிந்த சில வாரங்களில் பெட்டை மிகுதியாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, தீனி மறுத்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

கடுவனுக்குத் தொல்லை இல்லையா? காலைத் தூக்கி மூலைக்கு மூலை சிறுநீர் விடும். பெட்டையின் வாடை பட்டால் வேலி தாண்டி ஓடும். நிரையில் கிடக்கும் குட்டிகளுக்குத் தகப்பன் யாரோ ஒருவர் வீட்டுக் கடுவன்தானே?

ஆகவே, எந்தக் குட்டியை எடுத்தாலும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தக்க வயதில் கருத்தடை செய்துவிடுவோம். பெட்டைக்குச் சீழ் நோய் பயம் நீங்கும். கடுவனின் அலைச்சல் குறையும். பிறகு பெட்டையை ஒதுக்க நமக்கு என்ன காரணம் இருக்கும்?